மூலத்தில் செவிலிமேடு

— பழைய ஹிஸ்டரியெல்லாம் எதுக்கு சுகாசினி? இன்னிக்கி இருக்கற ப்ரோகிராம் கோட் மட்டும் போட்டுக்கலாமே.

— அதெப்படி ராமானுஜ்? தமிழ்ல டைப் அடிக்கறதுக்கு நாம மாத்தற இந்த எடிட்டர் சாஃப்ட்வேரோட மூலத்த எழுதறவங்க அமெரிக்கால இருக்காங்க. அவங்க எந்த வரிய எப்ப மாத்தினாங்கன்னு அப்பிடியே இங்க ஒரு நகல் இருக்கணும். பக்கத்துல நம்ம நாலு பேரு மாத்தினது. அப்பதான் எது அவங்களுது, எது என்னுதுன்னு தெரியும்.

— நமக்குள்ள என்ன உன்னுது, என்னுது?

— உனக்கு வேணாம். எனக்கு வேணும்பா. தமிழ்ல அடிச்சா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கினு இருந்துது, சரி பண்ணது நான். பெங்களூர் இன்டர்வியூல சொன்னா, 'இது வேற யாரோ எழுதினதாச்சே'ன்னு எழுப்பி அனுப்பிட்டாங்க. திங்கக்கிழம சென்னைல இன்னொரு கம்பெனி. இந்தத் தடவ தேதியோட பிரின்ட் எடுத்துக்கினு போவேன்.

— டயல்-அப்ல இறங்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுமே.

— அதான் எங்க தெரு ஜான்சன் அண்ணன் ஆபீஸ்ல, அங்க நெட்டு வேகம், சிடில எழுதி வாங்கிக்கினு வந்துட்டேன். தோ, ஏறிடுச்சி. இப்ப என்னுதயும் அதயும் ஒப்பிடறேன். என்னோட நாப்பது வரி தனியா தெரியும் பாரு.

— ஒண்ணும் வரலியே.

— வித்தியாசமே இல்லன்னுது. இரு... என் வரியெல்லாம் அவங்க மூலத்துல ஏற்கெனவே இருக்குது!

— அங்கேயும் யாராவது அதே மாதிரி யோசிச்சிருப்பா.

— யோசிக்கலாம்பா. சோதிச்சிப் பாக்கறதுக்கு 'செவிலிமேடு'ன்னு எங்க ஊரு பேர உள்ள வச்சிருந்தேன். அதுவும் இருக்குது. அமெரிக்காக்காரன் செவிலிமேட்ட எங்க பாத்தான்?

— சுகா, கரன்ட் போறாப்ல இருக்கு. ஆஃப் பண்ணிடு, நாளைக்குப் பாக்கலாம்.

— பக்கத்துல குறிப்பு இருக்குது. பிப்ரவரி, 2004. 'திருத்தம் அனுப்பியவர்: ராமானுஜ், காஞ்சிபுரம்.'

— உனக்கு அப்போ ஈமெயில் கிடையாது. நான் அனுப்பினேன். அனுப்பறவா பேர் என்னன்னு அவா கேட்டா, என் பேரைப் போட்டுட்டேன். அப்புறம் உன் பேரைச் சேர்க்கச் சொல்லி எழுதணும்னுதான் இருந்தேன்.

— எழுதினியா?

— இல்ல. இப்பவே எழுதறேன். பெருமாள் சத்தியமா எழுதறேன் சுகா.

— பேரு போனது போவட்டும்பா. பெங்களூர்லேந்து அழுதுக்கினே வந்து எறங்கினேன். 'உன் ஜாதியப் பாத்துதான் ஒதுக்கிட்டா, விடு'ன்னு எனக்கு ஆறுதல் சொன்னது நீதானே?