கடைசித் தெருவுக்குத் தண்ணி வந்துருச்சு

மேடை ஏறும்போது இந்த நூல் மில்லுல வேலை பாக்குற ஒரு தங்கச்சி என்னை நிறுத்தி, "ஐயா, வேலையே பிடிக்கல... விட்டுரலாமான்னு இருக்கு"ன்னுச்சு. அந்தத் தங்கச்சிக்காக ஒரு சின்ன சங்கதி சொல்றேன்... எல்லாருமே கேளுங்க.

சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரு. அங்க பவுன்ராஜ்னு ஒருத்தரு. என்ன வேலை? தண்ணி திறந்து விடுற வேலை! விடியக்காலம் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில போயி வால்வைத் திருகணும். தண்ணி ஓடும். அப்புறம் மூடணும். வருஷக்கணக்கா... திருகு, மூடு. திருகு, மூடு. மனுஷனுக்குச் சலிக்குமா, சலிக்காதா? சொல்லுங்க!

சலிப்பைக் கூடப் பொறுத்துக்கலாம். இந்த ஃபோன் இருக்கே! "யோவ் பவுன்ராஜு, தண்ணி என்னய்யா ஆச்சு? தூங்கிட்டியா?" இது கடைசித் தெரு ரெஜினா அக்கா. மேட்டுத் தெரு, தண்ணி ஏற நேரமாகும். அதுக்குள்ள அந்த அக்கா இவரு பரம்பரையையே இழுத்துரும். ஆனா ஒண்ணு கவனிங்க... வரலேன்னா ஃபோன் வருது. வந்துருச்சுன்னு என்னைக்காச்சும் ஒரு ஃபோன் வந்துருக்கா? வந்ததே இல்ல!

வீட்டுல சம்சாரத்துகிட்ட பொலம்புறாரு. "வள்ளிமயிலு, நான் என்ன மனுஷனா, இல்ல அந்த வால்வுக்கு ஒரு கைப்பிடியா?" அந்தம்மா தன் அண்ணன்கிட்ட சொல்ல, திருப்பூர்ல இருந்து மச்சான் பேசுறாரு. "மாப்ள, பனியன் கம்பெனி குடோன்ல மேற்பார்வை வேலை. சேரு இருக்கு, ஃபேனு இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் பேசுறேன். வர்றேன், வரலேன்னு ஒரே வார்த்தை சொல்லு!"

மறுநாள் காலையில, இதுதான் கடைசித் திருகுன்னு முடிவு பண்ணிட்டே போறாரு பவுன்ராஜ். போனா... கரண்ட் இல்ல. மோட்டார் ஓடல. ஆனா தொட்டி நிறைஞ்சு கெடக்கு. சரின்னு திருகுறாரு.

என்னைக்கும் பக்கத்துல மோட்டார் 'கொர்ர்ர்'னு கத்திக்கிட்டே இருக்கும். இன்னைக்கு... அமைதி. எப்பேர்ப்பட்ட அமைதி! காலுக்குக் கீழ, குழாய்க்குள்ள தண்ணி போற சத்தம் கூடக் கேக்குது.

கொஞ்ச நேரம் கழிச்சு, முதல் தெருவுல ஒரு குரல். "ஏய் மல்லிகா... தண்ணி வந்துருச்சுடீ!"

அந்த ஊரு பழக்கம் அது. தன் வீட்டுக் குழாய்ல வந்ததும் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்கணும். மல்லிகா அடுத்த வீட்டுக்கு, அந்த வீடு அதுக்கும் அடுத்த வீட்டுக்கு... "பாத்திமா, தண்ணி!" "சித்தப்பா, எந்திரிங்க, தண்ணி வந்துருச்சு!" குடம் உருளுது, கதவு தொறக்குது. தண்ணி மண்ணுக்கு அடியில போகுது... குரல் மண்ணுக்கு மேல போகுது! அந்த மோட்டார் சத்தத்துல இவரு காதுல இத்தனை வருஷமா இது விழவே இல்லைய்யா!

அப்படியே நிக்கிறாரு. ஊரையே யாரோ தட்டித் தட்டி எழுப்புற மாதிரி இருக்கு. யாரு எழுப்புறது? இவரு கை!

குரல் பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டுச்சு... நின்னு போச்சு. கடைசித் தெருவுல சத்தமே இல்ல. தொட்டியில பாதிதான் மிச்சம். மேட்டுக்கு ஏறுமா? மத்த நாளா இருந்தா, ரெஜினா அக்கா ஃபோன் வரட்டும்னு உக்காந்துருப்பாரு. இன்னைக்கு யாரும் சொல்லாமலே ஓடிப்போயி, மேட்டுக்குத் தண்ணி தள்ளட்டும்னு முன் தெரு வால்வைப் பாதி அடைக்கிறாரு. அடைச்சுட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு. வா... ஏறு... ஏறு சாமி...

தூரத்துல, ரொம்ப தூரத்துல, அந்தத் திட்டுற தொண்டையே தான்... "அடியே... தண்ணி வந்துருச்சுடீ...ய்!"

மனுஷனுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. இப்ப சொல்லும்போது எனக்கே பாருங்க!

அந்த நேரத்துல மச்சான் ஃபோன். "மாப்ள, என்ன முடிவு?" இவரு ஃபோனை ஊருப் பக்கம் நீட்டுறாரு. "இதைக் கேளு மச்சான்..."

"ஒண்ணும் கேக்கலையே மாப்ள?"

"எனக்குக் கேக்குது மச்சான். நான் வரல."

தங்கச்சி... நான் உங்களை வேலையை விடாதீங்கன்னு சொல்ல வரல. வயித்துக்குப் பத்தலையா, மரியாதை இல்லையா, தாராளமா விடுங்க! யாரு உங்களைத் தடுக்கிறது? ஆனா வெறும் சலிப்புன்னா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ளுக்குள்ள ஓயாம ஓடுதே அந்தப் பொலம்பல் மோட்டாரு... அதை ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நிறுத்திப் பாருங்க. நீங்க சுத்துற நூலு எங்கயோ ஒரு பச்சப்புள்ள உடம்புல சட்டையா ஏறுது. அந்தப் புள்ளையோட ஆத்தா உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லாது. யாருமே சொல்ல மாட்டாங்க.

உங்க கடைசித் தெரு எதுன்னு நீங்கதான் காது கொடுத்துக் கேக்கணும். கேட்டுட்டு... அப்புறம் போறதா இருந்தா போங்க தாயி.