அண்ணன் வீட்டுத் தரை, தம்பி வீட்டுக் கூரை

— ஏணியை ஆட்டாத. இதான் கடைசி அட்டை. ஒட்டிட்டேன்னா மேல யானை நடந்தாலும் நமக்குக் கேக்காது, கவலையே படாத.

— ஆட்டுறது நான் இல்லீங்க, உங்க தொப்பை. இந்த முட்டை அட்டைக்காகத் தின்ன முட்டையில, கோழியைப் பார்த்தாலே மன்னிப்புக் கேக்கணும் போல இருக்கு.

— அட்டை சும்மா மேல்பூச்சுதான். அதுக்கு மேல பஞ்சு, அதுக்கும் மேல ரப்பர் ஷீட்டு. வாசக்கதவு இடுக்கையும் விடல. சத்தம் வழி தெரியாம அழுதுக்கிட்டே திரும்பிப் போயிடும்.

— உங்க அண்ணன்கிட்ட தன்மையா ரெண்டு வார்த்தை பேசியிருந்தா இதெல்லாம் எதுக்கு?

— பேசினேனே.

— துடைப்பக்கட்டையால கூரையை இடிச்சீங்க. அதுக்குப் பேரு பேச்சா?

— அவரு மட்டும் என்னவாம்? காலையில நான் குளிக்கப் போனாப் போதும், மேல டொக்கு டொக்குன்னு சுத்தியலை எடுத்துடுறார். கேட்டா, "நான் அடிக்கலடா"ன்னு பச்சைப்பிள்ளை மாதிரி முழிக்கிறார்.

— ஒரே மாடிப்படியில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் போறீங்க. நல்லாவா இருக்கு?

— முடிஞ்சுது! இப்ப கேளு. ஏதாவது கேக்குதா?

— ஒண்ணும் கேக்கல.

— பார்த்தியா!

— கதவு மட்டும் ஆடுது. யாரோ தட்டுறாங்க போல... அடடே, வாங்க மாமா! ஏங்க, உங்க அண்ணன்.

— வரட்டும். நான் இறங்க மாட்டேன்.

— இறங்க வேண்டாம்டா. இந்தா, மாடி வீட்டுச் சாவி. வேற வீடு பார்த்தாச்சு. உங்க அண்ணி பெட்டியெல்லாம் வண்டியில ஏத்திட்டு உக்காந்திருக்கா. இனிமே நிம்மதியா இரு.

— என்ன மாமா இது, சொல்லாம கொள்ளாம? நில்லுங்க, வெந்நீர்ல தம்ளரைக் கழுவிட்டு வரேன். ஒரு வாய் காபியாவது குடிச்சுட்டுத்தான் போகணும்.

— டொக்கு டொக்கு! கேட்டுச்சா அண்ணே? இத்தனை பஞ்சையும் தாண்டி வருதே! மேல யாரு?

— யாரும் இல்லடா. பூட்டின சாவியைத்தானே உன் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிறேன்.

— அப்ப அடிக்கிறது யாரு?... நின்னுடுச்சே.

— நான் இப்பதாங்க குழாயை மூடினேன்.

— தொற.

— தொறந்துட்டேன்.

— டொக்கு... மூடு. மறுபடியும் தொற...

— போதும், போதும்! நம்ம வெந்நீர்க் குழாய்தாங்க அது. கூரைப் பலகைக்கு மேல நீங்களே மாட்டினீங்களே. தண்ணி ஓடுறப்ப துள்ளித் துள்ளி இடிக்குது. இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு போட்டீங்களா, இல்லையா?

— அதெல்லாம் மிச்சமாச்சு. நம்ம கைவேலைக்கு அது தேவையில்லன்னு நெனச்சேன்... அண்ணே, இது உங்களுக்கும் கேட்டிருக்குமே?

— தினமும் கேக்கும். என் காலுக்கு அடியில.

— தெரிஞ்சுமா காலி பண்றீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?

— ஆரம்பிச்ச வேலையை முதல் தடவையா முழுசா முடிச்சேன்னு தெருவையே கூட்டிவந்து அந்தக் குழாயைக் காட்டினியேடா. அதைக் கோணல்னு சொல்ல வாய் வரல, வீட்டை மாத்துறது சுலபமாத் தெரிஞ்சுது. இப்பதான் நீயே கண்டுபிடிச்சுட்டியே, இறங்கு, பெட்டியெல்லாம் திரும்ப மேல ஏத்தணும்.