கத்தரிக்கோல் பாடம்

ஓர்ஸ் ஹில்லில் பஸ் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ரீச்சர், நேற்று பிள்ளையளுக்குக் கத்தரிக்கோல் குடுத்தனான், சொல்லு வெட்டுறதுக்கு."

"சொல்லையோ?"

"ஓம். 'துறைமுகத்திலிருந்து' எண்டு மட்டையில நீட்டா எழுதிக் குடுத்தனான். வாயே திறக்காத அந்தப் பிள்ளை அதை ரெண்டா வெட்டி, துண்டு துண்டா வாசிச்சிட்டுது."

"உண்மையாவோ?"

"'லிருந்து' துண்டைத் திருப்பித் தரேல்ல. பள்ளி விட்ட பிறகும் வீட்டி, கடையி, கடலி எண்டு ஒவ்வொண்டா எழுதி, பின்னால அதை வைச்சு வைச்சு வீட்டிலிருந்து, கடையிலிருந்து, கடலிலிருந்து எண்டு வாசிக்கிறாள். கூட்டிக்கொண்டு போக வந்த தாய் வாசலிலயே நிக்கிறா."

மற்றவர் கையை நீட்டினார்.

"அந்தக் கத்தரிக்கோலை இண்டைக்கு எனக்குத் தாங்கோ."

"ஏலாது ரீச்சர். இண்டைக்கு வெட்ட, தானே ஒரு சொல்லுக் கொண்டு வாறன் எண்டு சொன்னவள்."