வெள்ளை மாறாத ஷூ

ஓடுகிறவர்களின் ஷூவைச் சுத்தம் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நாடாவையும் காலுக்கடியில் கிடக்கும் மெத்தையையும் தனியாக எடுத்துவிட வேண்டும். பழைய பிரஷ், கொஞ்சம் சோப்பு, பச்சைத் தண்ணீர். பிறகு உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும். இதெல்லாம் ஷூக் கடைக்காரர் சொன்னது. வெந்நீரும் அனலும் ஆகவே ஆகாது, அடியிலுள்ள ஃபோம் கட்டையாக இறுகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றும் அவர்தான் சொன்னார். நல்ல மனிதர். நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

என் மகள் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஷூவை நான்தான் துவைக்கிறேன். மைதானத்தில் மற்ற பிள்ளைகளுடையது சேறும் சகதியுமாக இருக்கும். இவளுடையது மட்டும் பளிச்சென்று இருக்கும். கோச் ஒரு முறை அதைத் தூக்கிக் காட்டி, பொருளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாராம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வெளியூர்ப் பயிற்சி விடுதி என்ற பேச்சு வந்தது. தேர்வு ஓட்டத்தில் ஜெயித்தால் அங்கேயே தங்கி ஓடலாம். இவள் ஜெயிப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும்தான். இவள் அண்ணன் இப்படித்தான், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது போனில் அவன் "அப்புறம்?" என்று கேட்கும்போதே வைக்கப்போகிறான் என்று தெரிந்துவிடும். பெற்று வளர்த்தவளுக்கு ஒருத்தியாவது மிஞ்ச வேண்டாமா? நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே, சொல்லுங்கள்.

நான் வேலை பார்ப்பது சலவைக்கூடத்தில். துணி உலர்த்தும் பெரிய மெஷின் அங்கே இருக்கிறது. ஷூவை வெந்நீரில் ஊறப்போட்டு, சாப்பாட்டு நேரத்தில் அந்த மெஷினில் போட்டுச் சுழலவிட்டேன். தடதடவென்று சத்தம். கூட வேலை பார்ப்பவள், "என்னக்கா, கல்லையா காயப்போடுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாரம் தவறாமல் செய்தேன். கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காத பதத்துக்கு ஃபோம் வந்தது. மேலே மட்டும் வெள்ளை மாறவில்லை.

முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள் மகள். கோச் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுசு போல இருந்தது. ஆகவே குறை இவளிடம்தான் என்று முடிவு கட்டி, சாக்குச் சொல்லாதே என்று திட்டினார். அவளும் அதை நம்பி முன்னைவிட அதிகமாக ஓடினாள். எனக்கே பாவமாக இருந்தது. உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"என் கால்ல என்னதாம்மா கோளாறு?" என்று கேட்டாள்.

"உன் உடம்புக்கு இது ஒத்துக்கல கண்ணு. விட்டுடு."

அப்போதே என் பேச்சைக் கேட்டிருந்தால் வெறும் வலியோடு போயிருக்கும். அவள் அப்பாவின் பிடிவாதம், அப்படியே வந்து தொலைத்திருக்கிறது.

தேர்வு ஓட்டத்தில் முதலாவதாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே கீறல் விட்டிருந்த எலும்பு வளைவில் திரும்பும்போது முறிந்தது. எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் நடந்துதான் போனேன். இனி அவசரப்பட என்ன இருக்கிறது?

இனிமேல் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நடக்கப் பயிற்சி கொடுத்தவர், அந்த ஷூவைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. இதை யார் அனலில் காட்டியது என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும் ஆள் இல்லை, நான்தான் என்றேன்.

"தெரிஞ்சேவாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை அறை வாசலில் வைத்தால், நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். போட்டுக்கொள்ளட்டும். அந்தக் கதவு என் வீட்டில்தானே இருக்கிறது.