மெயினை இறக்கிய நாளில் மாறிய விதி

பெயர் ஜெபஷீலா. வயது முப்பத்தெட்டு. தகப்பனார் காலஞ்சென்ற பொன்னுராஜ். பஜார் தெரு, தேனி. தொழில் ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம். சப்-இன்ஸ்பெக்டர் விஜயகுமார் அவர்கள் விசாரிக்க, ஏட்டு சொர்ணலதா அவர்கள் எழுத, நான் சொல்வதாவது.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் ஞானபாக்கியம், தம்பி ஜோயல் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். என் தகப்பனார் சென்ற வாரம் வியாழக்கிழமை மாரடைப்பில் இறந்துபோனார். அவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எழுதச் சொல்வது இதுதான் முதல் தடவை. ஏட்டம்மா அதை எழுதிவிட்டு ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

தம்பி ஜோயலை இன்று காலை விசாரணைக்கு என்று அழைத்து வந்தார்கள். நான் இருக்கும் நாற்காலியிலிருந்து பெஞ்சில் இருக்கும் அவன் முதுகு மட்டும் தெரிகிறது. காய்கறி கமிஷன் மண்டி வைத்திருப்பவரும் எங்கள் கடை வரிசைச் சங்கத்தின் செயலாளருமான சுருளிராஜன் அண்ணன் அவன் மேல் புகார் கொடுத்திருக்கிறார். போனில் புழங்கும் காயின் பணத்தின் விதியை ஜோயல் தன்னிஷ்டத்துக்கு மாற்றினான், அதுவும் பெற்ற தகப்பனை அடக்கம் செய்த அன்று, கடைக்காரர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் நேரம் பார்த்து மாற்றினான் என்பது புகார். அந்தக் கடைசிப் பகுதி இல்லாமல் இருந்திருந்தால் நான் ஸ்டேஷன் வாசலில் அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

மேகமலைக் காயின் என்பதை நாங்கள் காயின் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து சரக்கு கொண்டுவருகிற விவசாயிக்கு முன்பெல்லாம் துண்டுச் சீட்டு கொடுப்போம். இப்போது அவருடைய போனுக்குக் காயின் போடுகிறோம். அதை வைத்து அவர் டவுனில் உரம், விதை, மளிகை, துணி வாங்கிக்கொள்வார். இதற்காகக் கடைக்குக் கடை சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. வருசநாடு, மயிலாடும்பாறைப் பக்கம் விவசாயிகள் வீட்டிலும் இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் ஒரே கணக்குதான் ஓடும். நடுவில் பெரிய பெட்டி என்று ஒன்று கிடையாது.

இந்த இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சார், "ஏம்மா, சங்கம்னா தலைவர் இருக்கணும், சீட்டுன்னா நடத்துறவர் இருக்கணும். இதுக்குத் தலைவர் யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் இதைக் கேட்பதும் நான் இல்லை என்பதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஜோயல் அதன் புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான். விதியை மாற்ற வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். பெட்டி வைத்திருப்பவர் அவரவர் பெட்டியில் அதை ஏற்றுக்கொள்ளலாம், விட்டும் விடலாம். குறித்த நாளில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் நாலில் மூன்று பங்கு ஏற்றிருந்தால் புது விதி அமலுக்கு வரும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் என்பதை அடிக்கோடிட்டு எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

பழைய விதிப்படி, சரக்கு இறக்கி இரண்டு மூன்று நாள் வரைக்கும், கழிவு இருந்தது என்று சொல்லி வியாபாரி போட்ட காயினைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வருசநாட்டில் தக்காளியும் அவரையும் போடும் ஒச்சாண்டி என்பவர் அதை மாற்றக் கேட்டார். சரக்கைப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள், வாங்கிய பிறகு என்ன கழிவு என்பது அவர் பேச்சு. அவர் கேட்டபடி ஜோயல் புரோகிராம் எழுதிப் போட்டான். முடிவு நாளையும் ஒரு மாதம் முன்னாலேயே எல்லோர் போனுக்கும் அனுப்பினான். அந்த நாள் எங்கள் அப்பாவின் அடக்க நாளாகப் போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் புது விதிக்கு எதிர்க்கட்சி என்பதையும் எழுத வேண்டும். நான் வியாபாரி. மூட்டைக்கு மேலாக நல்ல காயைப் பரப்பி, அடியில் உள்ளே விதையில்லாத சாவிக்காயைத் தள்ளிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்காக நானும் ஜோயலும் சாப்பிடும்போதே சண்டை போட்டோம். அப்பா நடுவில் உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று நான் அவரைப் பிடித்து உலுக்கியதற்கு, "பார்ப்போம்டா, இன்னும் நாள் கெடக்குல்ல" என்றார். எங்கள் கடைப் பெட்டி அவர் பொறுப்பில் இருந்தது. அவர் ஆம் என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. அப்படியே போய்விட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை அடக்கம். எங்கள் வரிசையில் ஒரு வியாபாரி இறந்தால் வரிசை முழுவதும் கடை அடைப்பார்கள். முன்பு ஒரு முறை பூட்டிய கடையில் தீப்பிடித்ததிலிருந்து, முழு அடைப்பு என்றால் வரிசைக்கே பொதுவாக இருக்கும் கரண்ட் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். மறுநாள் காலையில்தான் ஏற்றுவார்கள். எங்கள் அப்பாவுக்கும் அந்த மரியாதையைக் குறைவில்லாமல் செய்தார்கள். அதில் எனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது.

மெயின் இறங்கியதும் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெட்டியும் அணைந்துபோயின. வேண்டாம் என்று நின்றவர்களின் பெட்டிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருந்தன. மலையிலோ எப்போது பார்த்தாலும் கரண்ட் போகும் என்பதால் பெட்டிக்குப் பெட்டி சோலாரும் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சாயந்தரம் கணக்குப் பார்த்த நேரத்தில் ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை மலைப்பெட்டிகள். அவை புது விதியை ஏற்றிருந்ததால் நாலில் மூன்று பங்கு சேர்ந்து விதி மாறிவிட்டது. அந்த நேரத்தில் ஜோயல் என் பக்கத்தில் நின்று குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தான். முதலில் அள்ளிய மண்ணில் ஒரு கல் இருந்தது. அதைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு மறுபடியும் அள்ளினான். அவன் போன் என் கைப்பையில் இருந்தது.

மெயினை இறக்கியது யார் என்று சப்-இன்ஸ்பெக்டர் சார் கேட்டார். சாவி செயலாளரிடம்தான் இருக்கும் என்றேன். செயலாளர் யார் என்று கேட்டார். புகார்தாரர்தான் என்றேன். ஏட்டம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். சார் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சரி, எழுதுங்க" என்றார்.

சுருளிராஜன் அண்ணன் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்பாவுக்காக அழுததை நான் பார்த்தேன். வழக்கப்படி கை லிவருக்குப் போயிருக்கிறது. பெட்டிகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமை ஒச்சாண்டி ஒரு வண்டி தக்காளியோடு இறங்கி வந்திருக்கிறார். வரிசை அடைத்துக் கிடந்ததால் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு நேரே அடக்கத்துக்கு வந்துவிட்டார். வேறு ஊர் மார்க்கெட்டுக்குத் திருப்பியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "அண்ணாச்சி போன அன்னைக்கு வேற மண்டிக்கு வண்டியத் திருப்புனா நல்லாவா இருக்கும் தாயி? நாளைக்கு இங்கனயே இறக்கிக்கிறேன்" என்றார். மறுநாள் காலை அந்தச் சரக்கைச் சுருளிராஜன் அண்ணன் பார்த்து, விலை பேசி, போனிலிருந்தே காயினும் போட்டுவிட்டார். அதன் பிறகு மதியம் பாதிக் கூடைகளில் தக்காளி தண்ணீர் விட்டுவிட்டது என்று சொல்லிக் கழிவு போட்டு, காயினைத் திருப்பி எடுக்கப் பார்த்தார். காயின் வரவில்லை. விதி மாறிய விஷயம் அப்போதுதான் வரிசைக்கே தெரிந்தது.

அதன் பிறகு சங்கத்தில் கூடினோம். மெயினை ஏற்றியதும் விழித்த பெட்டிகள், புது விதியோடு சேர்கிறாயா, பழையதிலேயே நிற்கிறாயா என்று கேட்டபடி நின்றதை அப்போதுதான் கவனித்தோம். என்னைத் தவிர வரிசைக்காரர்கள் எல்லோரும் பழையதில் நிற்பது என்று முடிவு செய்து அவரவர் பெட்டியில் அப்படியே போட்டார்கள். அதனால் இப்போது கணக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வரிசைக் கணக்கில் ஒச்சாண்டியிடமிருந்து காயின் திரும்பி வந்துவிட்டது. மலைக் கணக்கில் அது அவரிடமே இருக்கிறது. இரண்டில் எது நிஜம் என்று சார் கேட்கிறார். எந்தக் காயினை வாங்கிக்கொண்டு கடைக்காரன் பொருள் கொடுக்கிறானோ அது நிஜம். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

பாக்கி நின்றது எங்கள் கடைப் பெட்டி. மலைச் சரக்கை அதிகமாக வாங்குவது எங்கள் கடைதான். உரக்கடைக்காரரும் மளிகைக்காரரும் நாங்கள் எந்தக் காயினை வாங்குகிறோமோ அதைத்தான் வாங்குவார்கள். இது அப்பா சம்பாதித்து வைத்த பேர், என்னுடையது அல்ல. நேற்றிலிருந்து போன் ஓயவில்லை. இப்போது இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதும் பைக்குள் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று காலை ஜோயலை அழைத்துப் போன சிறிது நேரத்தில் சுருளிராஜன் அண்ணன் கடைக்கு வந்தார். "ஜெபா, நீயும் பழசுல நின்னுரு. நீ நின்னாப் போதும், மலைக்காரக காயின் கீழ செல்லாது. நான் புகாரை வாபஸ் வாங்கிர்றேன். தம்பி சாயந்தரம் வீட்டுல இருப்பான்" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை. என் நன்மைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வீட்டிலிருந்து அம்மா போனில், அப்பாவுக்கு இன்னும் ஜெபக்கூட்டம்கூட முடியவில்லை, புள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்கள். நான் உடனே பழைய விதியைப் போட்டுவிடத்தான் நினைத்தேன். பட்டன் மேல் விரலும் வைத்தேன். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் கேட்டதும் பழைய விதிதானே.

அதன் பிறகு ஜோயலைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று இங்கே வந்தேன். வாசலில் சத்தம் போட்டது அப்போதுதான். ஜோயலிடம் விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, எதை வேணாலும் போடு. எனக்காகப் போடாதே" என்றான். அவன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய மனுஷன் மாதிரி பேசுகிறான், நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

கடைக்குத் திரும்பி நடந்தேன். சுருளிராஜன் அண்ணன் மண்டி முன்னால் ஒச்சாண்டியின் தக்காளி கொட்டிக் கிடந்தது. மாடு ஒன்று தின்றுகொண்டிருந்தது. எந்தத் தோட்டத்துத் தக்காளியும் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றால் தண்ணீர்தான் விடும். அது நின்றது யாருக்காக? எங்கள் அப்பாவுக்காக நின்றது. அவர் சாவுக்கு மரியாதை செய்ததற்காக ஒருவர் நஷ்டப்பட வேண்டும் என்றால், அந்த மரியாதையை நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? அங்கே நின்று அழுதேன். நடு பஜாரில் நின்று அழுததற்கு எனக்கு வெட்கம் இல்லை.

அதன் பிறகு கடைக்குள் போய் எங்கள் பெட்டியில் புது விதியைப் போட்டேன். ஒச்சாண்டிக்குப் போன் செய்து, உங்கள் காயின் எங்கள் கடையில் செல்லும் என்று சொன்னேன். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு மறுபடி இங்கே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். இதனால் புகார் வாபஸ் ஆகாது என்பது எனக்குத் தெரியும். வரிசையில் நாளை எனக்கு யார் முகம் கொடுப்பார்கள் என்பது தெரியாது. அப்பா இருந்திருந்தால் எதைப் போட்டிருப்பார் என்பதும் தெரியாது. அதுதான் என்னை இருக்கவிடாமல் அரிக்கிறது.

விதியை மாற்றியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டதால் சொல்கிறேன். எழுதியது ஜோயல், கேட்டது ஒச்சாண்டி, அன்று லிவரை இறக்கியது சுருளிராஜன் அண்ணன். இன்று எங்கள் கடையில் அதைச் செல்ல வைத்தது நான். இதில் ஒருவரைத்தான் பெஞ்சில் உட்கார வைக்க முடியும் என்றால், கடைசியாகக் கை வைத்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். என் தம்பியை இன்று வீட்டுக்கு விடுவீர்களா என்று கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் சார், "அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா, மேல கேக்கணும்" என்றார். மேலே யார் என்று கேட்டேன். அவர் ஏட்டம்மாவிடம், எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்.

இதுவரை சொன்னது யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் தம்பி காதில் விழும்படி நான் சொன்னது. ஏட்டம்மா வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. முதல் பக்கத்தில் ஜோயல் பெயருக்கு எதிரே எழுதியிருந்த "தலைவர்" என்ற சொல் என் முன்னால் அடிக்கப்பட்டது. அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பொ. ஜெபஷீலா