மூல பாஷை தெரிந்த தேவதாஸ்

— குரலைக் குறைங்க சிஸ்டர். இது என் வீடு, ஹில்கிராஃப்ட் ரோட்டு மளிகைக் கடை இல்ல.

— கடைக்காரனா இருந்தா இதுக்குள்ள பதில் சொல்லியிருப்பான், தேவதாஸ் அண்ணே. ஏழு மாசமா கேக்கறேன். ஸ்ட்ரோக் வந்து என் வீட்டுக்காரர் தாமஸ் படுத்ததிலேர்ந்து அவர் நாக்குல ஒரு சொட்டு திராட்சரசம் படல.

— திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது சபை டீக்கன்மார் பொறுப்பு. நாலு பேர் இருக்கோம்.

— நல்லா இருந்தீங்க! ஏசுராஜ் ஃப்ரீவேல டிராஃபிக்ங்கறார். இன்னொருத்தருக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஃபுட்பால். மூணாவது ஆள் ஊருக்கு வெளியில கேட்டியில இருக்கற எங்க வீடு வரைக்கும் டிரைவ் பண்ணி வந்தார். எங்க வீட்டு நாயைப் பார்த்தார், கார் கண்ணாடியை ஏத்திட்டு உள்ளேர்ந்தே ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டார். நாலாவது நீங்க.

— என் ஆபீஸ் நிலைமை தெரியுமா? எண்ணெய் பேரல் பத்து டாலருக்கு விழுந்து கிடக்கு. தினம் ஒருத்தனுக்கு சீட்டுக் கிழியுது.

— அதான் சொல்றேன், யாரும் வர வேண்டாம். என் பேரை டீக்கன் லிஸ்ட்ல போடுங்க. நானே எடுத்துட்டுப் போய்க் குடுத்துக்கறேன். திங்கட்கிழமை அந்த லிஸ்ட் பதிவு பண்ண வக்கீலுக்குப் போகுது. போயிட்டா ரெண்டு வருஷம் யாரும் கை வைக்க முடியாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டிருக்கீங்க. தாமஸுக்கு ரெண்டு வருஷம் இருக்கான்னு டாக்டரே வாயைத் திறக்க மாட்டேங்கறார்.

— உணர்ச்சிவசப்படலாகாது. வேதத்தோட மூல பாஷையில என்ன இருக்குன்னுதான் கவனிக்கணும்.

— கவனிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். ரோமர் நிருபம், கடைசி அதிகாரம். பெபேயாள்னு ஒரு பொம்பளை. அவளுக்கும் உங்க டீக்கனுக்கும் கிரேக்கத்துல ஒரே வார்த்தை. டியாகொனொஸ்.

— அழுத்தம் 'யா'வுல விழணும். அதுகூடத் தெரியாம கிரேக்கம் பேச வந்துட்டீங்க.

— சரி, எங்க வேணா அழுத்திக்கங்க. வார்த்தை ஒண்ணா இல்லையா?

— வார்த்தை ஒண்ணு. பொருள் வேறு. ஆணுக்கு வரும்போது அது சபையின் அதிகாரி. பெபேயாளுக்கு வரும்போது கூடமாட ஒத்தாசை பண்றவ. பாய் விரிக்கிறது, பாத்திரம் கழுவுறது, இத்யாதி.

— அவகிட்ட வந்ததும் அந்த வார்த்தை சேலை கட்டிக்குதாக்கும்?

— சந்தர்ப்பம், சிஸ்டர், சந்தர்ப்பம்! மூல பாஷையில சந்தர்ப்பமே பொருளைத் தீர்மானிக்கும்.

— ஆறு வருஷமா அந்தத் திருவிருந்துக் குட்டிக் கிளாஸ் அறுபதையும் நான்தான் கழுவறேன். கழுவறதுக்குக் கிரேக்கம் வேண்டாம், கையில எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும் வேணுமா? அண்ணே, அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு. பேச்சு வரல. ஞாயித்துக்கிழமைன்னா வலது கையை உதட்டுக்கிட்ட கொண்டுபோய் இப்படிக் காட்டறார். நான் என்ன ஊத்தறது? ஆரஞ்சு ஜூஸா?

— வருத்தம்தான். அதுக்காக வேதத்தை வளைக்க முடியாது. மூணு வருஷம் தபால் வழியில கிரேக்கம் படிச்சவன் நான். அதோ தொங்குது சர்டிபிகேட். நூத்துக்குத் தொண்ணூத்தாறு! இந்த ஹூஸ்டன் தமிழ்ச் சபையில மூல பாஷை அறிஞ்ச ஒரே மனுஷன். உங்களை யார் தூண்டி விட்டது?

— தூண்டல. எழுதிக் குடுத்தாங்க. இந்தாங்க, படிங்க.

— ம்... ம். அந்த வார்த்தை எங்கெங்கே வருதுன்னு ஒண்ணு விடாம... பவுல் தன்னையே அப்படித்தான் சொல்லிக்கறார்னு... அழுத்தக் குறியெல்லாம் பிசகாம போட்டிருக்கான். படிச்சவன்தான், ஒத்துக்கறேன். ஆனா வெள்ளைக்காரப் பாதிரிக்கு நம்ம பண்பாடு தெரியாது. எந்தச் சபை ஆளு?

— பின்பக்கம் திருப்புங்க.

— துவரம்பருப்பு நாலு பவுண்டு... பெருங்காயம்... கறிவேப்பிலை, கிடைத்தால்... இது எங்க வீட்டு மளிகை லிஸ்ட்! ஜெயலீலா! ஏட்டி, ஜெயலீலா!

— கத்தாதிய, இங்கனதான் நிக்கேன். அடுப்புல குழம்பு கொதிக்கு. சீக்கிரம் சொல்லுங்க.

— இதை நீயா எழுதின? உனக்கு என்ன கிரேக்கம் தெரியும்?

— தொண்ணூத்தாறு மார்க்குக்குத் தெரியும். ரெண்டாம் பாடத்துலயே நீங்க நாற்காலியில தூங்கியாச்சு. மிச்சம் முப்பத்தெட்டு பாடத்துக்கும் யாரு விடை எழுதுனா? உங்க பேரைக்கூட நான்தான் எழுதுனேன்.

— அக்கா! அந்த சர்டிபிகேட் உங்களுதா?

— நாலு மார்க் குறைஞ்சது மட்டும் இவங்க சம்பாத்தியம், யூனிஸ். கடைசிக் கவரைத் தபால்ல போடச் சொன்னேன். கார்லயே மூணு வாரம் வெயில் காய்ஞ்சுது. லேட்டுக்குக் கழிச்சுட்டான்.

— வெளியாள் முன்னால என்ன பேச்சுட்டி இது? உள்ள போ!

— போறேன். அந்தப் புள்ள பேரை லிஸ்ட்ல எழுதுங்க. ஒரே வார்த்தைதான். நான் தேடிப் பார்த்துட்டுத்தான் சொல்லுதேன்.

— எழுத மாட்டேன்! மூல பாஷையே நேர்ல வந்து சொன்னாலும் எழுத மாட்டேன்!

— பார்த்தீங்களா அக்கா? நான் கிளம்பறேன். இந்த மனுஷன்கிட்ட கெஞ்சினது போதும்.

— இரு யூனிஸ், சாப்பிட்டுட்டுப் போலாம். என்னங்க, நாளைக்கு ரெண்டு மணிக்குப் பிரசங்கம் உங்களுதுதான? இந்த வாரம் அதை நீங்களே எழுதிக்கோங்க.