பாலத்துக்கு முன்னால் ஒரு மூச்சு

— சாவி தர மாட்டேன் அங்கிள். எத்தன தடவ கேட்டாலும் தர மாட்டேன்.

— இன்னாம்மா ஜபீன் இது, என் காரு சாவிய எனக்கே தர மாட்டேன்ற? ஊடு இதோ, பொன்னேரில கீது. ஓரமா உருட்டிக்கினு பூடுவேன்.

— நேத்து கவரப்பேட்டை பாலத்துலயும் ஓரமாத்தானே உருட்டுனீங்க? நீங்களேதான் வந்து சொன்னீங்க. எழுபதுல போன வண்டி பொசுக்குனு மூணாவது கியர்ல மாட்டிக்கிச்சாம். பின்னாடி இரும்புக் கம்பி ஏத்திட்டு வந்த ட்ரெய்லர்காரன் ஒரு முழம் தள்ளி பிரேக் புடிச்சானாம். கண்ணாடிய எறக்கி உங்க பரம்பரையவே விசாரிச்சானாம். இன்னிக்கு வர்றவன் பிரேக் புடிப்பான்னு என்ன நிச்சயம்?

— அவன் கெடக்குறான். வாய்தான் பெருசு அவனுக்கு. நீ அந்தப் பழய டப்பாவையே சுரண்டி, ஒரு சால்டரிங் வெச்சி மாட்டிக் குடு. ரெண்டு மாசம் ஓடுனா போதும்.

— வைக்கிறதுக்கு உள்ள செம்பு வேணுமே அங்கிள். கார்த்திகை மழைல உங்க தெருவுல தண்ணி நின்னுதே, அது அந்த டப்பாவுக்குள்ள, கியர் மாத்துற கம்ப்யூட்டர் மாடுலுக்குள்ள ஏறி போர்டு பூரா பச்சை பூத்துப் போச்சு. நகத்தால தொட்டேன், உதிருது. எந்த நேரத்துல எந்தக் கியருன்னு முடிவு பண்றதே அதுதான். அதுக்கே புத்தி பெசகிடுச்சுன்னா வண்டி யாரு பேச்சக் கேக்கும்? புதுசு வந்து மேஜை மேல இருக்கு, பாருங்க. நீங்க ஒரு வார்த்த சரின்னா பிரிச்சு மாட்டிடுவேன்.

— புச்சுக்கு ஒண்ணும் தெரியாதேம்மா.

— அதுக்கு என்ன தெரியணும்?

— நீதானே ஒரு நாளு டீ குடிக்க சொல்லோ சொன்ன? ஆட்டோமேடிக் வண்டி ஓட்றவங்க காலப் பாத்துக் கத்துக்கும், எப்ப அமுத்துறாங்க, எப்ப உடறாங்கன்னு ஞாபகம் வெச்சிக்கினு அதுக்கேத்தா மாதிரி கியர் மாத்தும்னு. சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— அப்ப அதுல சுமா கீறாம்மா. என் பொண்டாட்டி கால் கீது அதுக்குள்ள. அதக் கயட்டித் தூக்கிக் குப்பைல போட சொல்றியே.

— அங்கிள், உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க மொதல்ல.

— நீ சிரிக்கலன்னா ஒண்ணு சொல்றேன். அவ முட்டி வலின்னு க்ளச் இல்லாத வண்டியா பாத்து வாங்குனோம். ஓட்டுனதெல்லாம் அவதான். எனக்கு அப்ப ஸ்டியரிங் புடிக்கக்கூடத் தெரியாது. அவளுக்கு பெயிண்ட் கம்பெனி லேப்ல வேல, எனக்கு ரோலிங் மில்லுல ஸ்டோர்ஸு. ரெண்டும் இதே கும்மிடிப்பூண்டி எஸ்டேட்தானே, காலைல ஒண்ணா கெளம்புவோம். பொன்னேரி தாண்டுனா ரெண்டு பக்கமும் நெல்லு, மேல பனி தொங்கிக்கினு இருக்கும். அவ்ளோதாம்மா நான் பாத்தது. தச்சூர் கூட்ரோடு வர்றதுக்குள்ள கண்ணு சொருகிடும். எஸ்டேட் கேட்டாண்ட தோள உலுக்கி எழுப்புவா. ஆறு வருஷமும் இதே கததான்.

— தெரியும். சர்வீஸுக்கு வந்தா அக்கா இங்க பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் சொல்லும். ‘எங்க வீட்டுக்காரர ஏத்திட்டுப் போறதும் அரிசி மூட்டைய ஏத்திட்டுப் போறதும் ஒண்ணுதான் ஜபீன், மூட்டையாச்சும் கொறட்ட உடாது’ன்னு.

— சொல்லிச்சா? சொல்லும், சொல்லும். அதாம்மா எனக்கு அறுக்குது. பக்கத்துல உக்காந்துக்கினு நான் அவளப் பாக்கவே இல்ல. ஓட்டுறப்ப பாடுவாளா, தானா பேசிக்குவாளா, ஒண்ணும் தெரியாது. தை மாசம் நெஞ்சு வலின்னு சாஞ்சா, போய்ட்டா. கண்ண மூடிக்கினு அவ ஓட்ற மாதிரி நெனச்சிப் பாக்கலாம்னா எதுவும் வர மாட்டேங்குது. தூங்குனவனுக்கு இன்னா ஞாபகம் இருக்கும்? மனுசனா நானு?

— அழாதீங்க அங்கிள். அக்கா அதக் கொறையாவே சொல்லல. சிரிச்சிட்டேதான் சொல்லும்.

— ஆனா வண்டி மறக்கலம்மா. அவ போனப்புறம்தானே நான் லைசென்ஸ் எடுத்தேன். ஒத்தையா ஓட்டிக்கினு வர்றேன், பாலம் ஏர்றதுக்கு முன்னாடி வண்டி ஒரு மூச்சு தேங்குது. வாசல்ல நின்னு செருப்பு மாட்டுவாங்களே, அந்த மாதிரி. அப்புறம் நைசா எடுக்குது, ஒரு குலுக்கல் இல்ல. எறக்கத்துல இன்னொரு மூச்சு. மெய்யாலுமே சொல்றேன், அது சுமாதான்.

— இருங்க, இருங்க. தூங்கிட்டே வந்தேன்னீங்க. அக்கா அப்படித்தான் ஓட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மனசுக்குத் தெரியலம்மா. உடம்புக்குத் தெரியுது. அந்த எடம் வந்தா எனக்குத் தூக்கம் வருது.

— ஓட்டும்போதா? ரப்பே, நல்ல ஆள்கிட்டதான் சாவி தரணும்.

— திட்டு. திட்டிட்டுப் போ. ஆனா அந்தத் தூக்கத்துல அவ பக்கத்துல கீறா. மொகம் தெரியாது, வாசன மட்டும் வரும், பெயிண்ட்டும் மல்லிப்பூவும் கலந்தா மாதிரி. பனிக்குள்ள வண்டி மெதந்துக்கினு போவும். எனக்கு மிச்சம் கீறது அது ஒண்ணுதாம்மா. புச்ச மாட்டுனா அது யார் காலையோ தேடிக்கினு நிக்கும். நான் அதுல ஏறவே மாட்டேன்.

— இதுல உள்ளத எடுத்து அதுல ஏத்த முடியுமான்னு கேக்க வர்றீங்க. அதானே?

— முடியுமா?

— முடியாது அங்கிள். புதுசு மொதல்லேருந்துதான் கத்துக்கணும்.

— அப்ப சாவியக் குடு. மூணாவது கியர்லயே போறேன். ட்ரெய்லர் வந்து இடிச்சா இடிக்கட்டும், அவளாண்ட பூடறேன். எனக்கு இன்னாத்துக்கு பத்திரம்?

— இந்தப் பேச்சு இனிமே பேசாதீங்க. கேளுங்க, இத உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். இப்ப சொல்லாம உங்கள ரோட்டுக்கு உட்டா அந்தப் பாவம் எனக்குத்தான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் வண்டிய மொதல்ல எங்க எடுத்தாந்தீங்க?

— இங்கதான். ஆடி மாசம். மாசக்கணக்கா நின்ன வண்டின்னு நீதான் கியர் ஆயில் மாத்தணும்னு சொன்ன.

— மாத்துனேன். ஆயில் மாத்துனா, அந்த மாடுல் அதுவரைக்கும் கத்துக்கிட்டத பூரா அழிச்சிட்டுத்தான் வண்டிய வெளிய உடணும். அதுதான் மொற. நானும் அழிச்சிட்டேன். அக்கா கால் அன்னிக்கே போயிடுச்சு அங்கிள்.

— இன்னாம்மா சொல்ற? சும்மா என்னை ஏய்க்கறதுக்கு சொல்ற. ஆடிக்கப்புறமும் பாலத்துக்கு முன்னாடி அது தேங்குதே. அவ மாதிரியே நைசா எடுக்குதே. போன வாரங்கூட எடுத்துச்சே. அப்ப அது யாரப் பாத்துக் கத்துக்கினுது?

— ஆடிலேருந்து அந்த வண்டிய ஓட்டுனது நீங்க ஒருத்தர்தான் அங்கிள்.